சாண்டோரினியை நான் பார்க்கவில்லை

2025 பிப்ரவரியில் ஒரு நாளிதழின் ஞாயிறு பதிப்பிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. "தம்பி, அந்த சாண்டோரினித் தீவுல விடாம நிலநடுக்கமாம். ஜனங்க கப்பல் ஏறிப் போய்க்கிட்டே இருக்காங்களாம். நீங்கதான் அங்க போய்ட்டு வந்து எழுதினீங்களே, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க."

சரி அண்ணே என்று சொல்லிவிட்டு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். சில நாள்களுக்குள் 11,000 பேருக்கு மேல் தீவைவிட்டு வெளியேறியிருந்தார்கள். பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். பிப்ரவரி 6ஆம் தேதி கிரேக்க அரசு அவசரநிலை அறிவித்தது. செய்திகளை ஒன்றுவிடாமல் படித்தேன். ஆனால் ஒரு வரிகூட எழுத வரவில்லை. போனவர்கள் யார், தங்கியவர்கள் யார், எனக்கு ஒருவரையும் தெரியாது. ஒரு முகம், ஒரு பெயர், ஒரு தெரு ஞாபகத்தில் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், அந்தத் தீவில் பள்ளிக்கூடம் இருக்கிறது என்பதே அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் 2023இல் நான் அந்தத் தீவைப் பற்றி முழுப்பக்கக் கட்டுரை எழுதியிருக்கிறேன். வண்ணப் படங்களோடு வந்தது. புலனக் குழுக்களில் பகிரப்பட்டது. உறவினர் ஒருவர் அதைச் சட்டம்போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார். அதை எடுத்து மறுபடி படித்தேன். இந்தக் கட்டுரை அதற்கான மறுப்பு. என்னைத்தான் முதலில் அடிக்கிறேன். அடி மற்றவர்கள் மேலும் விழுந்தால் அதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

முதலில் கணக்கு. நான் பொறியியலாளன், கணக்குதான் எனக்குத் தெரிந்த நேர்மை. கைப்பேசிப் படங்களில் நேரம் பதிவாகியிருக்கிறது. அதை வைத்து அன்றைய நாளைத் திரும்பக் கட்டினேன். நண்பகல் 12க்குக் கப்பல் தீவுக்கு முன்னால் நின்றது. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு மாலை 6.30க்கு. மொத்தம் 390 நிமிடம். படகுக்கு எண் கூப்பிடும்வரை கப்பலுக்குள்ளேயே காத்திருந்தது 55 நிமிடம். படகில் 15. கம்பிவட ஊர்தி வரிசையிலும் பயணத்திலும் 45. ஃபிராவில் பேருந்துக்குக் காத்திருந்து, நெருக்கியடித்து நின்றுகொண்டு அடுத்த ஊருக்குப் போனது 60. திரும்பி வந்தது 50. கீழே இறங்க மறுபடி வரிசை, அது மட்டும் 80. இதையெல்லாம் கழித்தால் நான் என் சொந்தக் காலில் அந்தத் தீவில் நடந்தது 85 நிமிடம். அதிலும் நீலக் குவிமாடத்துக்கு முன்னால் படம் எடுக்க நின்ற வரிசை 20 நிமிடம். மீதி 65. கழிவறை, காந்த வில்லைக் கடை, அம்மாவுக்குத் தண்ணீர் போத்தல் எல்லாம் அந்த 65க்குள் அடக்கம்.

இந்த 65 நிமிடத்திலிருந்துதான் நான் 900 சொற்கள் எழுதினேன். "கிரேக்க மக்கள் வெள்ளை மனம் கொண்டவர்கள்" என்று எழுதினேன். நான் பேசிய கிரேக்கர்கள் இரண்டு பேர். ஒருவர் பேருந்தில் காசு வாங்கியவர். இன்னொருவர் காந்த வில்லை விற்றவர், அவரும் கிரேக்கர்தானா என்று எனக்குத் தெரியாது. நான் போன ஊரின் பெயரை 'ஓயா' என்று எழுதினேன். அந்த ஊர்க்காரர்கள் 'இயா' என்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன், காதால் கேட்கவில்லை. ஒரு ஊர்ப் பெயரை அந்த ஊர்க்காரர் வாயால் கேட்கக்கூட 65 நிமிடம் போதவில்லை.

இதையெல்லாம்கூட அறியாமை என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாதது ஒன்று இருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பத்தியில் நான் இயாவின் சூரிய அஸ்தமனத்தை வர்ணித்திருக்கிறேன். பொன்னை உருக்கிக் கடலில் ஊற்றினார்களாம். ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு எட்டரை மணிக்கு மேல். அந்த நேரத்தில் நான் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு ஏந்தி நின்றேன். அஸ்தமனத்தை நான் பார்க்கவே இல்லை. எழுதிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் சாண்டோரினி என்றால் அஸ்தமனம் இருந்தாக வேண்டும், படிப்பவருக்கும் அது வேண்டும், பத்திரிகைக்கும் வேண்டும்.

இது என் ஒருவன் பொய் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். நம் மலேசிய, சிங்கப்பூர்ப் பயணக் கட்டுரைகளை வரிசையாக எடுத்து வையுங்கள். உல்லாசக் கப்பல் "மிதக்கும் நகரமாக" இருக்கும். பயண முகவர் கொடுத்த தாளிலிருந்து ஒரு பத்தி வரலாறு இருக்கும். சோறு தேடி அலைந்த நகைச்சுவை இருக்கும். மக்கள் அன்பானவர்களாக, வீதிகள் குப்பை இல்லாதவையாக இருக்கும். "நம் நாட்டிலும் இப்படி இருந்தால்" என்று ஒரு பெருமூச்சு. பிறகு அஸ்தமனம். தீவின் பெயரை மாற்றிப் போட்டால் மால்டாவுக்கும் பொருந்தும், ரோட்ஸுக்கும் பொருந்தும். பன்னிரண்டு தீவு, பன்னிரண்டு கட்டுரை, ஒரு நூல். டத்தோ ஒருவர் முதல் நூலைப் பெற்றுக்கொள்வார். ஆய்வுரை வழங்குபவர் "ஆசிரியர் நம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்கிறார்" என்பார். எங்கே அழைத்துச் செல்கிறார்? வரிசைக்குத்தான். ஆனால் நூலில் வரிசை மட்டும் இருக்காது.

என் கண்முன்னால் இருந்தும் நான் பார்க்காதவற்றைச் சொல்கிறேன். இவற்றில் எதையும் நான் அங்கே தெரிந்துகொள்ளவில்லை. திரும்பி வந்து, வெட்கப்பட்டு, படித்துத் தெரிந்துகொண்டவை.

கம்பிவட ஊர்தி 200 மீட்டருக்கு மேல் செங்குத்தான பாறைமுகத்தை ஒட்டி ஏறுகிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து, தீவின் நடுப்பகுதி கடலுக்குள் சரிந்ததில் மிஞ்சிய விளிம்பு அது. பாறையில் கறுப்பும் சிவப்பும் வெளிர்நிறமுமாக அடுக்கடுக்காகத் தெரியும். அந்தத் தீவுக்கூட்டத்தின் எரிமலைச் சாம்பலைத்தான் 1860களில் வெட்டிக் கப்பலேற்றி சூயஸ் கால்வாய்ப் பணிகளுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்போடு சேர்ந்தால் அது தண்ணீருக்கு அடியிலும் இறுகும். பொசொலானா என்று இரண்டாம் ஆண்டு கான்கிரீட் பாடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். இன்று நிலக்கரி மின்நிலையச் சாம்பலைச் சிமெண்டில் கலப்பதும் ஏறக்குறைய அதே வேதியியல்தான். 1869இல் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. நம் பாட்டன்கள் வெட்டிய பால் ரப்பராகி லண்டனுக்குப் போனதும் அந்த வழியாகத்தான். உலகத்தில் எனக்கென்று ஏதாவது சம்பந்தம் உள்ள ஒரு பாறை இருந்தால் அது அந்தப் பாறை. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவைச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, அந்தக் குகை வீடுகள். "கிரேக்கர்களின் அழகுணர்ச்சியே தனி" என்று என் கட்டுரை சொல்கிறது. இயாவில் கப்பல் தலைவர்களின் மாளிகைகள் மேலே முகட்டில் இருந்தன. சரிவில் எரிமலைச் சாம்பல் பாறையைக் குடைந்து வாழ்ந்தவர்கள் சாதாரண மாலுமிகளும் ஏழைகளும். மரமும் நீரும் குறைந்த தீவில் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த கட்டடக்கலை அது. 1956 ஜூலை 9ஆம் தேதி பெரிய நிலநடுக்கம் வந்தது. தீவில் 53 பேர் இறந்தார்கள். வீடுகள் சரிந்தன. பலர் ஏதென்ஸுக்குப் போய்விட்டார்கள். ஊர் பாதி காலியாகக் கிடந்தது. 1970களில் கிரேக்கச் சுற்றுலா வாரியம் இயாவின் இடிந்த வீடுகளைச் செப்பனிட்டு விருந்தினர் விடுதிகளாக மாற்றத் தொடங்கியது. இன்று அதே குகைகளில் ஓர் இரவு தங்க என் மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி போய்விடும். ஏழைகள் விட்டுப்போன வீட்டைப் பார்த்து நான் அழகுணர்ச்சி என்று எழுதியிருக்கிறேன். நாளைக்கு யாராவது நம் தோட்டத்து லயத்தைச் செப்பனிட்டு நீச்சல்குளம் கட்டி வாடகைக்கு விட்டால், அங்கே வந்து தங்குபவன் தமிழர்களின் அழகுணர்ச்சி என்று எழுதுவான். நமக்கு எரியும், இல்லையா?

மூன்றாவது, எங்கள் கப்பல் நின்ற அதே குழிக்கடலின் அடியில் இன்னொரு உல்லாசக் கப்பல் கிடக்கிறது. 2007 ஏப்ரலில் பாறையில் மோதி மூழ்கிய 'ஸீ டயமண்ட்'. பயணிகளில் இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. சிதைவை வெளியே எடுங்கள் என்று தீவு மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "நீலத்தில் எத்தனை நீலம்!" என்பது அந்தத் தண்ணீரைப் பற்றி நான் எழுதியது.

இப்போது எதிர்க்கேள்விகளுக்கு வருவோம். கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்த நண்பன் கோபப்பட்டான். "நம்ம அப்பாமாருங்க வாழ்நாள் பூரா ஆலையில நின்னு, இப்பதான் சேமநிதிக் காசுல ஒரு தடவை வெளிய போறாங்க. அதையும் கிண்டல் பண்ணுவியா? நாலு மணி நேரம்தான் கிடைச்சுது, அவ்வளவுதான் பார்க்க முடியும். ஒரு மாசம் தங்கிப் பார்க்க நாம என்ன வெள்ளைக்காரனா?"

நியாயமான கேள்வி. அந்தப் பயணமே அப்பாவின் சேமநிதியில்தான். பிறை ஆலையில் முப்பது வருஷம் சுழல்முறை வேலை பார்த்தவர். ஏழு இரவுக் கப்பல் பயணத்தில் அவர் அனுபவித்த ஒவ்வொரு நிமிடமும் அவருக்குச் சேர வேண்டியது. போகாதே என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா திரும்பி வந்து என்ன சொன்னார் தெரியுமா? "நல்ல இடம்தான். ஆனா நின்னு நின்னு கால் வலிச்சிருச்சு." மொத்தப் பயணத்தைப் பற்றி எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மையான விமர்சனம் அதுதான். எழுத்தாளன் நான்தான் பொய் சொன்னேன்.

நேரம் குறைவு என்பது குற்றமில்லை. ஒரு வருஷம் தங்கியும் எதையும் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். தமிழில் பயண எழுத்துக்கு வழியில்லாமலும் இல்லை. காந்தி ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்த ஏ.கே. செட்டியார் இருக்கிறார். காவிரியோடு போய் 'நடந்தாய் வாழி காவேரி' எழுதிய சிட்டியும் தி. ஜானகிராமனும் இருக்கிறார்கள். அவர்களைப்போல ஊர் ஊராக அலைய நமக்கு விடுப்புக் கிடைக்காது. வருஷத்துக்குப் பதினான்கு நாள்தான். சரி. அப்படியென்றால் அந்தப் பதினான்கு நாள்காரனின் உண்மையை எழுதுவோம். நான்கு மணி நேரத்தில் ஒரு தீவைப் பார்க்க முடியாது. ஆனால் கப்பல் ஒரு தீவை என்ன செய்கிறது என்பதை நான்கு மணி நேரத்தில் பார்க்கலாம். அதற்கு நம்மைவிட நல்ல சாட்சி யாரும் இல்லை. அந்த வரிசையே நாம்தான்.

சாண்டோரினி சுமார் 76 சதுர கிலோமீட்டர். பினாங்குத் தீவில் நான்கில் ஒரு பங்கு. வாழ்பவர்கள் 15,000 பேர் சொச்சம். நான் போன 2023இல் மட்டும் ஏறத்தாழ 800 கப்பல்கள், 13 லட்சம் கப்பல் பயணிகள். நாளொன்றுக்கு 8,000 கப்பல் பயணிகள்தான் என்று வரம்பு பேசினார்கள். 2024 ஜூலையில் ஒரே நாளில் 11,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். உள்ளூர் மக்கள் அன்று நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஊராட்சி உறுப்பினர் ஒருவர் பதிவுபோட்டு, அது பெரிய சர்ச்சையானது. 2025 ஜூலையிலிருந்து உச்சப் பருவத்தில் இறங்கும் ஒவ்வொரு கப்பல் பயணியும் 20 யூரோ கட்ட வேண்டும்.

கம்பிவட ஊர்தியில் ஆறு பேர் உட்காரும் ஆறு பெட்டிகள். ஒரு தடவைக்கு 36 பேர். எங்கள் கப்பலில் 3,000 பயணிகள். பாதிப் பேர் அந்த வழியாக வந்தாலே 41 தடவைக்கு மேல் ஏற்ற வேண்டும். அன்று நான்கு கப்பல்கள் நின்றன. இல்லையென்றால் அறுநூறு படிகளுக்குக் கொஞ்சம் குறைவாக ஏற வேண்டும், அல்லது கழுதை. 100 கிலோவுக்கு மேல் கழுதைமேல் ஏற்றக்கூடாது என்று 2018இல் கிரேக்க அரசு விதி போட வேண்டியிருந்தது. பயணி எவ்வளவு எடை என்று அரசு கவலைப்பட வேண்டிய நிலைக்கு ஒரு தீவு வந்திருக்கிறது. இது கதையில்லையா? இதைவிடப் பொன் உருக்கிய கடல்தான் கதையா?

கப்பலுக்குள்ளும் ஒரு கதை இருந்தது. எங்கள் அறையைச் சுத்தம் செய்தவன் பாலித் தீவுக்காரன். மலாயில் பேசினோம். அம்மாவை 'இபு' என்றும் என்னைப் 'பாங்' என்றும் கூப்பிடுவான். சாண்டோரினிக்கு எத்தனை தடவை வந்திருக்கிறாய் என்று கேட்டேன். "எண்ணலை பாங். இறங்கினதில்லை. நீங்க எல்லாரும் இறங்குற நேரத்துலதான் நாங்க ரூம் முடிக்கணும்." உலகமே சுற்றிப் பார்க்க வரும் ஒரு தீவிலிருந்து கிளம்பி வந்து, இன்னொரு தீவைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தான். என் 900 சொற்களில் அவனுக்கு இடம் இல்லை. "பணியாளர்களின் புன்னகை மாறாத உபசரிப்பு" என்று ஒரு வரி இருக்கிறது. அதுதான் அவன்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்த வேண்டும்? நான் பினாங்குக்காரன். என் அத்தை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூக்கட்டி விற்றவர். ஸ்வெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாள்களில் அவர் முகம் சுண்டிவிடும். கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டம் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்கும் ஆறு மணி நேரம்தான். மல்லிகையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார்கள். முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டுவார்கள். "கேக்கக்கூட மாட்டேங்கிறான்டா. நான் என்ன மிருகக்காட்சிசாலையா?" என்பார் அத்தை. அந்தப் படங்களின் கீழே என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். வண்ணமயமான இந்தியப் பெண்மணி. வாடகை ஏறியதில் அத்தை கடையை எடுக்க வேண்டிவந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, 4.30க்குக் கப்பல்.

பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதைப் பற்றி மேடையில் காரமாகப் பேசியிருக்கிறேன். கிழக்கத்தியரை வேடிக்கைப் பொருளாக்கும் பார்வை, அது இது என்று பெரிய சொற்களையெல்லாம் போட்டேன். கைதட்டினார்கள்.

சாண்டோரினிக் கட்டுரையில் மூன்றாவது படம் ஒரு கழுதைக்காரருடையது. வெயிலில் முகம் சுருங்கி, பல் தெரிய வாய் திறந்திருக்கிறது. படக்குறிப்பு நான் எழுதியது: 'புன்னகைக்கும் கிரேக்க முதியவர்'. நான் அவரிடம் அனுமதி கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. அழைப்பு வந்த அந்த இரவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது புன்னகை இல்லை. ஒரு கை பாதி உயர்ந்திருக்கிறது. எடுக்காதே என்று அவர் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அத்தையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

இதைத்தான் நம் பயணக் கட்டுரைக்காரர்களிடம் கேட்கிறேன். நம்மைப் பற்றி ஆறு மணி நேரத்தில் எழுதிவிட்டுப் போகிறவர்கள்மேல் நமக்குக் கோபம் வருகிறது. நம் தைப்பூசத்தை, நம் கோயிலை, நம் தோட்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள் என்கிறோம். அதே ஆறு மணி நேரம் நமக்குக் கிடைத்ததும் அதே காரியத்தைத் தமிழில் செய்கிறோம். தமிழில் எழுதினால் கிரேக்கக் கிழவனுக்குத் தெரியாது என்ற தைரியம்தானே? யாரும் சரிபார்க்கப் போவதில்லை என்று தெரிந்து எழுதுவது எந்த மொழியில் எழுதினாலும் பொய்தான். இளம் வாசகர்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொள்வதும் அதுதான். போனால் போதும், பார்க்கத் தேவையில்லை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பயணக் கட்டுரை வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணி நேரம் இருந்தீர்கள்? யாரிடம் பேசினீர்கள், அவர் பெயர் என்ன? அஸ்தமனத்தின்போது எங்கே நின்றீர்கள்? பதில் வரவில்லையென்றால் அந்தப் பக்கத்தில் விளம்பரம் போடுங்கள். அதில் குறைந்தது பணம் கொடுத்தது யார் என்றாவது தெரியும்.

நான் அந்த ஞாயிறு பதிப்புக்குத் திரும்ப அழைத்து, எழுத முடியாது அண்ணே என்றேன். ஏன் என்றார். எனக்கு அந்தத் தீவைத் தெரியாது என்றேன். "போய்ட்டு வந்தீங்களே தம்பி!" என்றார். வரிசையில் நின்னுட்டு வந்தேன் என்றேன். சிரித்தார். அதையே எழுதுங்களேன் என்று அவர் சொல்லுவார் என்று ஒரு நொடி எதிர்பார்த்தேன். பழைய கட்டுரையிலிருந்து அந்தக் கழுதைக்காரர் படத்தை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.